தண்டர்பேர்ட் கடிதங்களைத் திரும்பக் கொண்டுவர எந்த வழி நல்லது?

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் கோயில் அலுவலகக் கணினி படுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாலை என்றால் இடி மின்னல் சாதாரணம். அன்றைக்கு சாட்ஸ்வர்த் பக்கம் கரண்ட் நாலைந்து முறை போய்ப் போய் வந்தது. மறுநாள் காலை விண்டோஸ் எழும்பவே இல்லை. காவடி எடுக்கப் பெயர் கொடுத்தவர்களின் கடிதங்கள் எல்லாம் அந்தக் கணினியில் இருந்த தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில்தான் இருந்தன. அது பாப் கணக்கு, அதாவது கடிதங்களைக் கணினிக்கே இறக்கிக்கொள்ளும் வகை; கடிதம் கணினிக்கு இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும்படி யாரோ எப்போதோ அமைத்திருந்தார்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டிப் பார்த்தேன். நல்ல வேளை, தண்டர்பேர்ட் ஃபோல்டர் முழுசாகக் கிடைத்தது.

விண்டோஸை மறுபடி போட்ட பிறகு அந்த ஃபோல்டரை உள்ளே கொண்டுவரப் பல வழிகள் உண்டு. எதை எடுப்பது என்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் கடிதங்கள் எங்கே குடியிருக்கின்றன, சர்வரிலா கணினியிலா?

சர்வரில் என்றால், அதாவது ஐமேப் கணக்கு என்றால், எதையும் கொண்டுவராமலே தப்பிக்கலாம். தண்டர்பேர்டைப் போட்டு, முகவரியும் கடவுச்சொல்லும் கொடுத்தால் கடிதங்கள் தானாக இறங்கும். ஆனால் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்குள் நீங்கள் இழுத்துப் போட்டவை வராது. கணினியிலேயே சேர்த்த முகவரிப் புத்தகம் வராது, கடிதங்களைப் பிரித்துவைக்கும் ஃபில்டர்களும் வராது. பெரிய பெட்டி என்றால் டேட்டாவும் கரையும். ப்ரீபெய்டில் ஓட்டுபவர்கள் இதை யோசித்துச் செய்யவேண்டும். எங்களுக்கு இந்த வழி தொடக்கத்திலேயே அடைபட்டுப் போயிற்று.

அடுத்தது, தண்டர்பேர்டின் டூல்ஸ் மெனுவிலேயே இருக்கும் இம்போர்ட். பார்க்க எளிது, என்னென்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே புதுக் கணக்கு ஒன்றை ஓட்டத் தொடங்கிவிட்டவர்களுக்கு இதுதான் பொருத்தம், பழையதைப் புதியதோடு சேர்க்கும். ஆனால் அதன் ஜோடியான எக்ஸ்போர்ட், 2 ஜிபிக்கு மேற்பட்ட புரொஃபைலை (கணக்கு, கடிதம், அமைப்பு எல்லாம் சேர்ந்த ஃபோல்டர்) ஜிப்பாகக் கட்டாது. பதினோரு வருடக் கடிதம் உள்ள அலுவலகம் 2 ஜிபிக்குள் எப்படி அடங்கும்? அதோடு, எக்ஸ்போர்ட் செய்யக் கணினி உயிரோடு இருக்கவேண்டும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: ஃபோல்டர் முழுவதையும் பழைய இடத்திலேயே வைத்துவிடுவது. தண்டர்பேர்டை நிறுவுங்கள், ஆனால் திறக்காதீர்கள். விண்டோஸில் உங்கள் பயனர் பெயருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லவேண்டும். ரோமிங்குக்குள் 'தண்டர்பேர்ட்' ஃபோல்டரை வைத்து, பிறகு திறங்கள். கணக்கு, கடிதம், ஃபில்டர், முகவரி, ஆட்-ஆன், ஏன், திரையின் தோற்றம்கூட விட்ட இடத்திலிருந்தே தொடரும். விண்டோஸ் பயனர் பெயர் மாறியிருந்தாலும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கடிதங்களை டி டிரைவ் மாதிரி வேறு இடத்தில் வைத்திருந்தால் மட்டும் சர்வர் செட்டிங்ஸில் 'லோக்கல் டைரக்டரி' வரியைத் திருத்தவேண்டும்.

இதை முதல் தடவை செய்தபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. திறந்தால் வெறும் திரை, புதுக் கணக்கு அமைக்கச் சொல்லும் பெட்டி. காரணம் சின்னது. பழைய கணினியில் இருந்தது 32 பிட் தண்டர்பேர்ட், நான் போட்டது 64 பிட். 2019இல் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து தண்டர்பேர்ட், தான் நிறுவப்பட்ட இடத்தைப் பார்த்துத்தான் புரொஃபைலைத் தேர்ந்தெடுக்கிறது. 32 பிட்டும் 64 பிட்டும் வேறு வேறு ஃபோல்டரில் நிறுவப்படும்; இடம் மாறியதும் புதிதாக ஒரு வெற்றுப் புரொஃபைலை உண்டாக்கிக்கொண்டது. கடிதங்கள் பக்கத்து ஃபோல்டரிலேயே பத்திரமாக இருந்தன. இந்த வெறும் திரையைப் பார்த்துப் பதறி யாரும் எதையும் அழித்துவிடக் கூடாது.

அங்கேதான் நான்காவது வழி கைகொடுத்தது. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பக்கத்தைத் திறந்தால் புரொஃபைல்கள் பட்டியலுக்கு ஒரு இணைப்பு இருக்கும். அதில் புதுப் புரொஃபைல் உருவாக்கு என்று சொல்லி, 'சூஸ் ஃபோல்டர்' பொத்தானை அழுத்திப் பழைய ஃபோல்டரைக் காட்டவேண்டும். வெளி ஃபோல்டரை அல்ல, 'புரொஃபைல்ஸ்' என்பதற்குள் எட்டு எழுத்தும் ஒரு புள்ளியுமாகத் தொடங்கும் பெயர் இருக்கிறதே, அதை. அப்புறம் அதையே டிஃபால்ட் ஆக்கி, மூடித் திறக்கவேண்டும். லினக்ஸுக்கு மாறுகிறவர்களுக்கும் இதுவே நல்லது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்ததால் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போடுகிறவர்கள் கூடியிருப்பார்கள். அங்கே இருக்கும் தண்டர்பேர்ட் பழைய பதிப்பாக இருந்தால் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டரையே காட்டாதீர்கள், டிரைவைப் பிடுங்கியதும் புரொஃபைல் காணாமல் போகும். பிறகு அந்தப் பட்டியலில் ஒரு புரொஃபைலை நீக்கும்போது 'டெலீட் ஃபைல்ஸ்' என்று கேட்டால் கை நடுங்கட்டும். காட்டிய ஃபோல்டரில் உள்ள அத்தனையையும் அது துடைத்துவிடும்.

சிலர் புதுப் புரொஃபைலுக்குள் பழைய கோப்புகளைப் பொறுக்கிப் போடுவார்கள். கடவுச்சொல் கோப்பும் அதன் சாவிக் கோப்பும் சேர்ந்து போகாவிட்டால் ஒரு கடவுச்சொல்லும் மிஞ்சாது. வேறு வழியே இல்லாதபோதுதான் இதைத் தொடவேண்டும்.

அன்று மாலை செயலாளர் அக்கா வந்து புதுக் கடிதம் ஒன்றைத் திறந்து, பூசாரி ஐயாவின் பெயரில் இரண்டு எழுத்து தட்டினார். முகவரி தானாக வந்து நின்றது. "எல்லாம் இருக்கா தம்பி?" என்றார். இருந்தது.

இப்போது மாதம் ஒரு முறை தண்டர்பேர்டை மூடிவிட்டு முழு ஃபோல்டரையும் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் படி எடுக்கிறேன். முன்பு வைத்திருந்தது ஃபேட்32. 4 ஜிபியைத் தாண்டிய கோப்பை அது ஏற்காது, எங்கள் இன்பாக்ஸ் ஒரே கோப்பாக அதைத் தாண்டப் போகிறது. அந்த டிரைவ் கோயில் பீரோவில் பூட்டியிருக்கிறது. பிரைமரி பாஸ்வேர்ட் (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் தனிக் கடவுச்சொல்) வைக்காத புரொஃபைல் யார் கையில் கிடைத்தாலும், அதிலுள்ள கடவுச்சொற்களை அவர்கள் படித்துவிட முடியும்.