மின்வெட்டுக்குப் பின் விழிக்காத சார்ஜர்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் காருக்கு நான் பயன்படுத்தும் தானியங்கி பேட்டரி சார்ஜரை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

சாவியை எடுத்த பிறகும் அலாரம், கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கட்டுப்பாட்டுக் கணினிகள் எல்லாம் சேர்ந்து 30 மில்லியாம்பியர் வரை இழுத்துக்கொண்டிருப்பது கோளாறே அல்ல. ஆனால் அது நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி, 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய பாதி ஒரே மாதத்தில் கரைந்துவிடும். அந்த நிலையிலேயே விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுமையாகத் திரும்பாது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்பார்கள். ஸ்டார்ட்டர் எடுத்ததை அது ஈடுகட்டலாம், வாரம் முழுவதும் கசிந்ததை ஈடுகட்டாது.

இந்த வேலையைச் சார்ஜர் செம்மையாகவே செய்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பேட்டரி நிறைந்ததும் தானாகவே பராமரிப்பு நிலைக்கு மாறிக்கொள்கிறது. கிளிப்பைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை வைத்தால், முழுதாக நிறைந்ததற்கு அடையாளமான 12.7 வோல்ட் காட்டுகிறது. ஸ்டார்ட்டர் சற்றும் முனகாமல் சுழல்கிறது. இணைப்பு மாறிப்போனாலும் தீப்பொறி பறப்பதில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது.

ஆனால் மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் போதும், இத்தனை திறமையும் வீண். சார்ஜர் காத்திருப்பு நிலைக்குப் போய்விடுகிறது. யாராவது அருகில் சென்று பொத்தானை அழுத்தி '12 வோல்ட்' என்று மறுபடியும் தேர்ந்தெடுக்கும் வரை ஒரு மில்லியாம்பியர்கூட ஏற்றுவதில்லை. அப்போதும் அதன் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகவே தோன்றும். ஆளில்லாத நேரத்தில் காவல் இருப்பதற்காகவே வாங்கிய கருவி, ஆள் வந்து தட்டி எழுப்பினால்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிப்பதை என்னவென்று சொல்வது? நீண்ட பயணம் முடித்துத் திரும்பிய ஒருமுறை, எரியும் விளக்கை நம்பிப் பானெட்டைத் திறந்தபோது மீட்டரில் 12.1 வோல்ட்தான், அதாவது ஏறக்குறைய பாதி சார்ஜ்தான், இருந்தது.

தயாரிப்பாளரிடம் கேட்டதற்கு, பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 6 வோல்ட் பேட்டரிக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட கருவி இது. அடியோடு இறங்கிப்போன 12 வோல்ட் பேட்டரி 7 வோல்ட் காட்டும்போது எது எதுவென்று சார்ஜர் தானாக முடிவெடுப்பது ஆபத்துதான். ஆயினும் கடைசியாகத் தேர்ந்தெடுத்ததை நினைவில் வைத்துக்கொண்டு, கிளிப் கழற்றப்படாதவரை அதையே தொடரும் சார்ஜர்கள் சந்தையில் இருக்கின்றனவே!

ஆகவே நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். நினைவாற்றல் உள்ள வேறொன்றை, பேட்டரியோடு இணைத்து, சார்ஜ் ஏறும்போதே பிளக்கைப் பிடுங்கிச் செருகி, பொத்தானைத் தொடாமலே மீண்டும் தொடங்குகிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். நெகட்டிவ் டெர்மினலைத் துண்டிக்கும் சுவிட்சும் ஒரு வழிதான். கடிகாரத்தை மறுபடி சரிசெய்வதும் அலாரம் இல்லாமல் கிடப்பதும் பரவாயில்லை என்றால் அதற்கு மின்வெட்டுக் கவலையே கிடையாது. அப்படியானால் உங்களுடையதை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்றார் அவர். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை.