டான்சில் ஆபரேஷன் வலிக்கு தியேட்டர் ஊசியா, வீட்டு மாத்திரையா?

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் தம்பிக்கு டான்சில் எடுத்தோம். விசைப்படகு 61 நாள் கரையில் கிடக்குமே என்ற கணக்குதான். பெரியவர்களுக்கு இந்த வலி இரண்டு வாரம்கூட நிற்கும்.

இந்த வலிக்கு, வீக்கம் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்தை இரண்டு விதமாகக் கொடுக்கிறார்கள். ஒன்று, மயக்கத்தில் இருக்கும்போதே ரத்தக்குழாயில் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி, ஒரே ஒரு தடவை. இதற்கு நான் முழு மனதோடு சரி சொல்வேன். வாந்தியைத் தடுக்கும், வெட்டுப்பட்ட தொண்டையோடு ஓங்கரிப்பது பெரும் கொடுமை. முதல் நாள் வலியும் தணியும். ஆனால் மருந்தின் வேகம் 36 முதல் 54 மணி நேரம்தான். மூன்றாம் நாள் காலையில் தம்பி எச்சிலை விழுங்க முடியாமல் டம்ளரில் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, கெளுத்தி முள்ளு குத்தி நிக்கிற மாதிரி இருக்கு" என்று போனில் தட்டிக் காட்டினான். காதும் குடைந்தது. தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு போவதால் அப்படித்தான் வலிக்குமாம்.

அப்போதுதான் இரண்டாவது வழி ஆசை காட்டும்: சில நாளுக்கு பிரெட்னிசோலோன் மாத்திரை. "மெடிக்கல்ல கேட்டா குடுப்பாங்க" என்றார் பக்கத்து வீட்டு மதினி. வேண்டாம் என்றேன். ஊசிக்கு இருக்கிற உறுதியான ஆதாரம் இதற்கு இல்லை. ஊசியில் போகும் 8 மில்லிகிராம் டெக்ஸாவே பிரெட்னிசோலோன் கணக்கில் 50 மில்லிகிராமுக்கு மேல்; அதன் பிறகும் நாள்கணக்கில் விழுங்கினால் தூக்கம் கெடும், சர்க்கரை ஏறும். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிறு புண்ணாகும். ஆபரேஷன் செய்த டாக்டரே எழுதிக் கொடுத்தால் மட்டும் போடலாம்.

தம்பியைக் கரை சேர்த்தது பாராசிட்டமால். வலி வரட்டும் என்று காத்திராமல், ராத்திரி எழுப்பியாவது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 4 கிராம் தாண்டாமல் கொடுத்தோம். போட்டு அரை மணி கழித்து ஆறிய நொய்க்கஞ்சி, இளம் நுங்கு.

ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் தொண்டையில் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும். அது சீழ் இல்லை, ஆனால் அப்போது ரத்தம் வரலாம். ஊசி போட்டிருந்தாலும் அந்தப் பயம் உண்டு. வந்தால் தாமதிக்காமல் பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் ஓட வேண்டும். எட்டாம் நாள், "தடை விசைப்படகுக்குத்தானே" என்று நாட்டுப்படகில் கிளம்பப் பார்த்தான். வாசலில் மறித்து நின்றேன். படகு அவன் இல்லாமல்தான் போனது.