சில்லறை ஆர்டர்காரருக்கு என்ன கிடைக்கிறது? ஆரி சாமான் விற்கும் இணையக் கடைகளின் சலுகைத் திட்டங்கள்

இரண்டு சில்க் த்ரெட், 20 கிராம் கட் பீட்ஸ் (சின்ன மணிகள்), ஒரு ஆரி ஊசி. பில் 180 ரூபாய். ஆரி (கொக்கி ஊசியால் துணியில் போடும் எம்பிராய்டரி) சாமான் விற்கும் எந்த இணையக் கடைக்கும் இப்படிப்பட்ட ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். கடைக்காரருக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான். 180 ரூபாய் ஆர்டரை எடுத்து, எண்ணி, கவரில் போட்டு, முகவரி ஒட்ட ஆகும் நேரமும் 1,800 ரூபாய் ஆர்டருக்கு ஆகும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் சலுகை என்று எதை அறிவித்தாலும் பெரிய பில்லைப் பார்த்தே அறிவிக்கிறார்கள்.

சில்லறையாக வாங்குகிறவர் காசில்லாமல் அப்படி வாங்குவதில்லை. வேலை வருகிற விதம் அப்படி. வாடிக்கையாளர் புடவையோடு பிளவுஸ் துணியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் எந்த ஷேடு நூல், எந்த நிற பீட்ஸ் என்பதே தெரியும். முன்கூட்டியே வாங்கி அடுக்கினால் பாதி பெட்டியிலேயே கிடக்கும். ஆக, இவர் மாதம் நாலு தடவை வருவார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் வாங்குவார். இப்படி வாங்குகிறவருக்கு எந்தத் திட்டம் உண்மையில் பயன்படுகிறது?

முதலில் பாயின்ட். எங்கும் இருப்பது இதுதான், சில்லறை ஆர்டருக்கு மிக மோசமானதும் இதுதான். 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட், ஒரு பாயின்ட் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 180 ரூபாய்க்கு ஒரு பாயின்ட்தான் ஏறும், மிச்ச 80 ரூபாய் கணக்கில் வராது. அதே ஆள் நாலு ஆர்டரையும் ஒன்றாகப் போட்டிருந்தால் 720 ரூபாய்க்கு ஏழு பாயின்ட். பிரித்துப் போட்டதால் நாலு. இதற்கு மேல் ‘குறைந்தது 100 பாயின்ட் சேர்ந்தால்தான் பயன்படுத்தலாம், ஆறு மாதத்தில் காலாவதி’ என்று ஒரு விதி இருந்தால் கதை முடிந்தது. மாதம் நாலு ஆர்டர் போட்டால் ஆறு மாதத்தில் சேர்வது 24. அந்தச் சலுகை இவர் கைக்கு வரவே வராது. பாயின்ட்தான் வேண்டும் என்று கடை அடம்பிடித்தால், 10 ரூபாய்க்கு ஒன்று என்று சின்ன அளவில் ஏற்றி, குறைந்தபட்ச வரம்பை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ‘999 ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம்’. இது சில்லறை வாடிக்கையாளரை வேண்டாததை வாங்க வைக்கிற ஏற்பாடு. 180 ரூபாய் வேலைக்கு 820 ரூபாய் சாமானைக் கூடுதலாகக் கூடையில் போட்டு 70 சொச்சம் ரூபாய் மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்?

அந்த 70 சொச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் சில்லறை ஆர்டரின் உண்மையான பிரச்சினை தபால் செலவுதான். 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த ஸ்பீடு போஸ்ட் (டாக்குமென்ட் வகை) கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 201 முதல் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு 51 முதல் 250 கிராம் வரை 63 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 74.34. சென்னையிலிருந்து மதுரைக்கு 180 ரூபாய் சாமான் போனால் பில்லில் 41 சதவீதம் தபாலுக்கே சரி. இந்த இடத்தில் ஐந்து சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் ஒன்பது ரூபாய். யாருக்கு வேண்டும்?

பாயின்ட்டை விட, ஆர்டரின் எண்ணிக்கையை எண்ணும் திட்டம் மேல். ஐந்து ஆர்டருக்கு வாடிக்கையாளர் தபால் செலவு கட்டினால் ஆறாவதுக்குத் தபால் இலவசம் என்றால் கடைக்கு ஓர் ஆர்டருக்குச் சுமார் 12.40 ரூபாய் ஆகிறது. 180 ரூபாய் பில்லில் ஏழு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. பீட்ஸ், ஸ்டோன் மாதிரி சாமானில் தாங்கும். ஊசியும் கோந்தும் மட்டும் வாங்குகிறவரிடம் தாங்காமல் போகலாம். ஓட்டை எங்கே விழும் என்றால், ஒரே நாளில் ஒரு ஆர்டரை மூன்றாகப் பிரித்துப் போட்டு எண்ணிக்கை ஏற்றுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான் கணக்கு, குறைந்தது 150 ரூபாய் என்று வைத்தால் அடைபடும். இலவசத் தபாலுக்குக் கூப்பன் எண் கொடுத்தால் அதை வாட்ஸப் குழுவில் பகிர்ந்துவிடுவார்கள். வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருளில் கடை நடத்துகிறவர்கள் கூப்பன் அமைப்பில் அந்த வாடிக்கையாளரின் மின்னஞ்சலை மட்டும் அனுமதித்து, பயன்பாட்டு வரம்பை ஒன்று என்று வைத்தால் போதும்.

இருப்பதிலேயே நல்லது ‘சேர்த்து வைத்து அனுப்புவது’. ஆர்டர் போடும்போதே பணம் கட்டியாகிவிடும். சாமானை எடுத்துப் பெயர் எழுதிய டப்பாவில் கடையே வைத்திருக்கும். பத்து நாள் முடிந்ததும், அல்லது வாடிக்கையாளர் ‘அனுப்புங்க’ என்றதும், எல்லாம் ஒரே பார்சலாகப் போகும். தலா 100 கிராமில் நாலு பார்சல் தனித்தனியாகப் போனால் 297.36 ரூபாய். நாலும் சேர்ந்து 500 கிராமுக்குள் அடங்கினால் அதே தூரத்துக்கு 75 ரூபாயும் வரியும், 88.50. மிச்சம் 208 ரூபாய்க்கு மேல். இதைக் கடை தன் கையிலிருந்து கொடுக்கவில்லை என்பதுதான் அழகு. பேக்கிங்கும் நாலுக்கு ஒன்றாகக் குறைகிறது.

ஏற்பாடும் பெரிதில்லை. வூகாமர்ஸில் ‘லோக்கல் பிக்கப்’ (கடைக்கே வந்து வாங்கிக்கொள்வது) என்ற டெலிவரி முறையின் பெயரை ‘என் டப்பாவில் சேர்க்கவும்’ என்று மாற்றினால் அந்த ஆர்டருக்குத் தபால் கட்டணம் ஏறாது. முதல் ஆர்டரில் தபாலை வாங்கிக்கொண்டு, அடுத்தவற்றில் இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். எடை அடுத்த படிக்குத் தாண்டினால் வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் முன் கேட்க வேண்டும்.

கெடுவது மூன்று இடத்தில். ஒன்று, டப்பாவில் போட்டதை இருப்பிலிருந்து கழிக்காமல் விட்டு, அதே நூலை இன்னொருவருக்கு விற்றுவிடுவது. இரண்டு, ஒரே பெயரில் இரண்டு பேர்: டப்பாவில் பெயரோடு போன் நம்பரின் கடைசி நாலு இலக்கமும் எழுதாத கடையில் கவிதாவின் குந்தன் கல் இன்னொரு கவிதாவுக்குப் போகும். மூன்றாவது, ஃபேப்ரிக் க்ளூ. மூடி இறுகாத ஒரு பாட்டில் ஒன்றாகப் போன நாலு ஆர்டரையும் நாசம் செய்யும். மூடியை டேப் சுற்றி, தனி ஜிப் கவரில் நிமிர்த்தி வைப்பது கட்டாயம். ஆரி ஸ்டாண்டு, பெரிய ஃப்ரேம் எல்லாம் இந்த டப்பாவுக்குள் வராது. கூரியரில் பல இடங்களில் நீள அகல உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து எடை போடுவார்கள், காற்றுக்கும் காசு.

அவசரக்காரருக்கு இது ஒத்துவராது. நாளன்றைக்கு முகூர்த்தம் என்பவர் தபாலைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இலவசப் பரிசு என்று ஒரு பாக்கெட் சமிக்கியை உள்ளே போட்டு அனுப்புவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. விற்காத நிறம்தான் பெரும்பாலும் வரும். பரிசு கொடுக்க நினைத்தால் உண்மையான நூல் துண்டுகள் ஒட்டிய ஷேடு கார்டு கொடுக்கலாம். போன் திரையில் மயில் கழுத்துப் பச்சையும் ராமர் பச்சையும் ஒன்றுபோலத் தெரிந்து, தவறான நூல் வந்து, மறுபடி ஆர்டர் போடுவதில்தான் சில்லறை வாடிக்கையாளரின் காசு கரைகிறது. ஷேடு கார்டு அதை நிறுத்தும், கடைக்கும் திருப்பி அனுப்பும் தொல்லை குறையும்.

இதோடு சேர வேண்டிய இன்னொரு சலுகைக்குக் கடைக்கு ஒரு ரூபாய் செலவில்லை: லாட் பிடித்து வைப்பது. லாட் என்றால் ஒரே தடவையில் சாயம் போட்ட நூல். ஒரே ஷேடு நம்பர்தான், ஆனால் அடுத்த சாய லாட்டில் வந்த நூல் ஒரு பொட்டு வெளிறியிருக்கும். முதுகும் இடது கையும் போட்டு முடித்த பிறகு வலது கைக்கு நூல் தீர்ந்து, புது ரீல் வந்தால் வெயிலில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடிக்கடி வாங்குகிறவருக்கு அதே லாட்டில் இரண்டு ரீலைப் பதினைந்து நாள் ஒதுக்கி வைத்தால் போதும், வேண்டாம் என்றால் விற்றுக்கொள்ளலாம். வாங்குகிறவரும் பழைய ரீலின் ஸ்டிக்கரைக் கிழித்துப் போடாமல், லாட் எண் இருந்தால் ஆர்டர் குறிப்பில் எழுத வேண்டும். ஸ்டிக்கரில் லாட் இல்லையென்றால் மிச்ச நூலில் ஒரு சாண் நீளத்தை வெள்ளைத் தாளில் ஒட்டிக் கடைக்கு அனுப்பி வைக்கலாம், கடைக்காரர் கண்ணால் ஒப்பிட்டு எடுப்பார்.