சிஓ2 லேசரா டயோடு லேசரா: பொது ஒர்க்‌ஷாப்புக்கு எது?

பத்து இருபது பேர் காசு போட்டு ஒர்க்‌ஷாப்புக்கு, ஷீட் வெட்டவும் எழுத்து பதிக்கவும் லேசர் மெஷின் வாங்கப் போறாங்கன்னா முதல் பஞ்சாயத்தே இதுதான்: கார்பன் டை ஆக்ஸைடு வாயுவுல ஓடுற சிஓ2 லேசரா, சின்ன செமிகண்டக்டர் சில்லுல ஓடுற டயோடு லேசரா? நான் ரெண்டுலயும் வேலை பாத்திருக்கேன், என் ஓட்டு சிஓ2க்குத்தான், அதுக்காக டயோடு வேஸ்ட்னு சொல்ல வரல.

எல்லா வித்தியாசமும் அலைநீளத்துலதான் இருக்கு. சிஓ2 10,600 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. இப்ப பரவலா விக்கிற டயோடு மெஷின் 450 நானோமீட்டர் பக்கம், நீல வெளிச்சம். கிளியர் அக்ரிலிக்க டயோடுல வச்சா வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போயிடும், ஷீட் வெட்டாது, அடியில வச்ச பலகைதான் கருகும். அதே ஷீட் சிஓ2ல வெண்ணெய் மாதிரி வெட்டும், ஓரம் பாலிஷ் போட்டாப்ல பளபளன்னு வரும். (எழுத்து வெள்ளையா பூத்து வரணும்னா காஸ்ட் அக்ரிலிக், அதாவது அச்சுல வார்த்த ஷீட், கேட்டு வாங்குங்க, மெஷின்ல பிதுக்கி எடுத்த எக்ஸ்ட்ரூடட்ல அந்த வெண்மை வராது.) 3 எம்எம் எம்டிஎஃப் (மரத்தூள அழுத்திச் செஞ்ச பலகை) ரெண்டுலயும் வெட்டலாம், ஆனா சிஓ2 ஒரே ஓட்டத்துல முடிக்கிற வேலைக்கு சின்ன டயோடு நாலஞ்சு தடவை ஓடும், வெளிய வரிசையில நிக்கிறவங்க பாடு திண்டாட்டம்தான். இந்த சிஓ2 லேசர 1964ல பெல் லேப்ஸ்ல உருவாக்கினது குமார் படேல், மகாராஷ்டிரா பாராமதியில பொறந்தவர், மெஷின ஆன் பண்றப்பல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

விலையிலயும் இடத்துலயும் டயோடுதான் ஜெயிக்கும், மேசை மேல வச்சிடலாம், தண்ணி வேணாம். ஆனா வாட்ஸ் பாத்து ஏமாறாதீங்க, பெட்டியில 40 வாட்ஸ்னு பெருசா போட்டிருப்பான், அது உள்ள போற கரன்ட்டா இருக்கும், வெளிய வர்ற வெளிச்சம் 5 வாட்ஸ்தான் இருக்கும், ஆப்டிகல் பவர் எவ்வளவுன்னு கேளுங்க. சிஓ2ல தலைவலி, லேசர் பொறக்கற கண்ணாடி ட்யூபும் அத குளிர வைக்கிற தண்ணியும். அந்தத் தண்ணிய ஆற வைக்க சிடபிள்யூ-3000ன்னு விக்கிற பெட்டியில கம்ப்ரஸரே கிடையாது, ரேடியேட்டரும் ஃபேனும்தான், சென்னை மே மாசத்துல ரூமே 38 டிகிரி இருக்கறப்ப தண்ணி அதுக்குக் கீழ எப்படிப் போகும்? கம்ப்ரஸர் இருக்கற சிடபிள்யூ-5000 போடணும். அதுக்குன்னு ரொம்ப குளிர வச்சாலும் நம்ம ஊர் ஈரக்காத்துக்கு ட்யூப் வேர்த்துடும், ஹை வோல்டேஜ் பக்கத்துல அது ஆபத்து.

கண்ணு விஷயத்துலதான் நான் ரொம்ப கறாரா இருப்பேன். சிஓ2 மெஷினோட சாதாரண அக்ரிலிக் மூடியே அந்த லேசர தடுத்துடும். டயோடுல அந்த கிளியர் மூடி ஒண்ணுத்துக்கும் உதவாது, நீல வெளிச்சம் விழித்திரை வரைக்கும் போயி நிரந்தரமா பாழாக்கிடும். அதனால மூடி இல்லாத டயோடு மெஷின, பிள்ளைங்க எட்டிப் பாக்குற பொது இடத்துல வைக்கவே கூடாது, முழுசா அடைச்ச பெட்டி வேணும், 450 நானோமீட்டருக்குன்னு இருக்கற பாதுகாப்புக் கண்ணாடி போடணும்.

ரெண்டுக்கும் பொது எதிரி பிவிசி. தோல்னு சொல்லி ரெக்ஸின் எடுத்துட்டு வருவாங்க, போர்டு எழுதற சன்போர்டு ஷீட் எடுத்துட்டு வருவாங்க, அதுல பெரும்பாலும் பிவிசிதான். சுட்டா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நுரையீரலுக்கும் கேடு, மெஷின் ரெயிலும் துருப்பிடிக்கும். செம்புக் கம்பிய சூடாக்கி அந்த ஷீட்ல தொட்டு, திரும்ப நெருப்புல காட்டுங்க, ஜ்வாலை பச்சையா எரிஞ்சா திருப்பி அனுப்பிடுங்க.

சரி, டயோடு எதுக்கு? எவர்சில்வர் டம்ளர்ல, தட்டுல பேர் போட. வெறும் ஸ்டீல்ல சிஓ2 ஒண்ணும் பதிக்காது, அதுக்குன்னு விக்கிற மார்க்கிங் ஸ்ப்ரே அடிச்சாத்தான் பிடிக்கும். 10 வாட்ஸுக்கு மேல ஆப்டிகல் பவர் இருக்கற டயோடு நேராவே கறுப்பா பதிச்சிடும். சீர்ப்பாத்திரத்துக்கு பேர் வெட்ட வர்ற கூட்டம் இருந்தா அத தனியா ஒரு பெட்டிக்குள்ள வச்சுக்கலாம், பளபளப்பு ஸ்டீல்ல பட்டு வெளிச்சம் தெறிக்கும்ங்கறதால மூடி திறந்தா தானா நிக்கிற சுவிட்ச் இல்லாம ஓட்ட விடாதீங்க.