கூத்தாநல்லூரில் இருபது நாள், அத்தாவின் இன்சுலின்

துபாயில் நிவாரண மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஏமன், சூடான் என்று சண்டை ஓயாத நாடுகளுக்குப் பெட்டி கட்டி அனுப்புவதுதான் தொழில். 10,000 பேருக்கு மூன்று மாதம் வருகிற மாதிரி வகுத்த மருந்துத் தொகுப்புகள் அவை. காயத்துக்கும் பேதிக்கும் மருந்து வைக்க எல்லாருக்கும் தோன்றும். குண்டு விழுகிற ஊரிலும் சுகர்காரர்கள் இருப்பார்களே? சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்கென்று உலக சுகாதார நிறுவனம் தனித் தொகுப்பு கொண்டுவந்தது சிரியப் போர் மூண்டு பல வருடம் கழித்து, 2017 வாக்கில்தான்.

அதனால் ஊருக்கு வந்தாலும் என் கண் முதலில் போவது மருந்து டப்பாவுக்குத்தான்.

தை மாதம், சம்பா அறுவடை நேரம். வந்த மூன்றாம் நாள் காலையில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். அம்மாவுக்கு பிரஷர் பார்த்து, ஒரு மாத மாத்திரையைக் கொடுத்தார். எழுந்துபோவார் என்று பார்த்தால் பழைய அட்டையை வாங்கி எண்ணினார். "எட்டு மாத்திரை மிச்சம் இருக்கேம்மா, ஏன் போடல?" அம்மா பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் வீடு தேடி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று, பெட்டி கட்டுகிற எனக்குத் தெரியும். பெட்டி போய்ச் சேரும். எண்ணிப் பார்க்க ஆள் இருக்காது. ஏமனில் அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு 2016லிருந்து ஒழுங்கான சம்பளமே கிடையாது. பல இடங்களில் நன்கொடைப் பணத்தில் தரும் படியை வைத்துத்தான் நர்ஸுகள் வேலைக்கு வந்தார்கள்.

அத்தாவுக்கு இன்சுலின். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் நாள் கணக்காகக் கரண்ட் இல்லை. பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் குப்பியை வைத்துக் காப்பாற்றினார் அம்மா. கென்யாவில் சோமாலிய அகதிகள் இருக்கும் தடாப் முகாமில், ஃபிரிட்ஜ் இல்லாததால் சுகர்காரர்கள் ஒவ்வொரு ஊசிக்கும் மருத்துவமனைக்கே நடந்திருக்கிறார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சோதித்து, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டிலும் இன்சுலின் நான்கு வாரம் கெடாது என்று 2021ல் வெளியிட்டார்கள். படித்த அன்றே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

இந்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்சுலின் இல்லை. "அடுத்த வாரம் வாங்க." இரண்டாவது வாரமாக அதே பதிலாம். எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் காசு இருந்தது, மெடிக்கலில் வாங்கிவிடுவேன். பின்னால் நின்ற பெரியவர் விலையைக் கேட்டுவிட்டு, "ஒரு வாரந்தானே தம்பி, பாத்துக்கலாம்" என்று சைக்கிளைத் திருப்பினார். கூட்டிப்போய் அவருக்கும் ஒரு குப்பி வாங்கிக் கொடுத்தேன்.

கொடுத்த கையோடு மனசு உறுத்தியது. அடுத்த மாதம் நான் துபாயில் இருப்பேன். எங்கள் பெட்டிகளின் கதையும் இதுதான். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, எத்தனையோ நாடுகளில் கிளினிக்குகள் மூடின. நோயாளி யாரிடம் போய்க் கேட்பார்? கொடுத்தவர் கடல் கடந்து இருக்கிறார். இங்கே கேட்க இடம் இருக்கிறது. அந்தப் பெரியவருக்கு அது அரசு கொடுத்தே தீர வேண்டிய மருந்து.

அன்று மாலையே அரசு சுகாதார உதவி எண்ணான 104க்குப் போன் செய்தேன். இருப்பு தீர்ந்த தேதி, எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று விவரமாகச் சொன்னேன். மறுநாள் அதையே எழுதி நிலையத்து டாக்டரிடமும் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மருந்து வந்தது. அத்தா தன் குப்பியை ஐஸ் டப்பாவில் வைத்து மூடிவிட்டு, "அந்த சைக்கிள்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். சொல்லிவிட்டு வரப் போனேன்.