எக்ஸ்-பிளேன் 12: இருநூறு அடி வரைக்கும் நல்ல வாத்தியார்

வீட்டுக் கணினியில் விமானம் ஓட்ட, கண்ணுக்கு விருந்து வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இருக்கிறது. ஆனால் மூடுபனிக்குள் கருவிகளை மட்டும் நம்பி இறங்கப் பழகுகிறவருக்கு ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தால் என்ன? லாமினார் ரிசர்ச் 2022 இறுதியில் வெளியிட்ட எக்ஸ்-பிளேன் 12ஐ அந்த ஒரு வேலைக்காக மட்டும் எடைபோடும் விமர்சனம் இது.

கூடவே வரும் செஸ்னா 172 போதும். வட்ட முகக் கருவிகள் உள்ளது, எல்லாக் கருவிகளையும் கணினித் திரையில் காட்டும் ஜி1000 உள்ளது என்று இரண்டு உண்டு. வட்டக் கருவிகளில் தொடங்குங்கள். புறப்படும் இடமாக ஓடுபாதைக்கு 10 கடல்மைல் முன்னால் வானத்திலேயே தேர்ந்தெடுக்கலாம். 90 நாட் வேகத்தில் அது ஏழு நிமிடத்துக்கும் குறைந்த தூரம். ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலை) பிடித்து இறங்கிப் பார்க்கலாம். நிஜ விமானத்தில் இதற்கு ஆகும் பெட்ரோல் செலவை நினைத்தாலே தலை சுற்றும்.

வானிலையை நீங்களே அமைக்கலாம். மேக அடித்தளத்தைப் போடும்போது மட்டும், உயரம் தரையிலிருந்தா கடல்மட்டத்திலிருந்தா என்று கவனியுங்கள். பெங்களூரு ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே கேட் 1 எனும் அடிப்படை வகை ஐஎல்எஸ் அணுகுமுறையின் 200 அடி முடிவு உயரம் (அதற்குள் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலேறிவிட வேண்டும்), உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் ஏறத்தாழ 3,200 என்றுதான் காட்டும்.

இந்த மென்பொருளின் பலம், ஊசிகள் நடந்துகொள்ளும் விதம். இறங்கும் சரிவிலிருந்து மேலே கீழே விலகுவதைக் காட்டும் கிளைடு ஸ்லோப் ஊசி கடைசிவரை போனால் 0.7 டிகிரி விலகல். 10 கடல்மைல் தொலைவில் அது 740 அடி. 200 அடி உயரத்துக்கு வந்தபின் 50 அடிகூட இல்லை. தொலைவில் செய்த அதே அளவு திருத்தத்தைக் கிட்டத்திலும் செய்பவர் ஊசியைத் துரத்திக்கொண்டே போவார். தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் 3 டிகிரி சரிவுக்கான இறக்க வேகம் வரும்: 90 நாட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி. அதைப் பிடித்து வைத்துவிட்டு, திசையை இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் திருத்தாமல் வந்தால் ஊசி தானாக நடுவில் நிற்கும்.

வழக்கமான சறுக்கல்களும் அப்படியே வரும். ஐஎல்எஸ் அலைவரிசையை ஸ்டாண்ட்பையில் போட்டுவிட்டு ஆக்டிவுக்கு மாற்ற மறப்பது ஒன்று. ஊசி எதைக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சிடிஐ பொத்தான் ஜிபிஎஸ்ஸிலேயே இருக்க, அந்த ஊசியை லோக்கலைசர் (ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் ஐஎல்எஸ் அலை) என்று நம்புவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஐஎல்எஸ் ஒலிபரப்பும் மோர்ஸ் அடையாளத்தைக் கேட்டு உறுதிசெய்யும் பழக்கம் இங்கேயே வரட்டும்.

காசு கொடுத்ததற்குப் பலன் பழுதுப் பட்டியலில் கிடைக்கிறது. சில கருவிகளை இயக்கும் வேக்குவம் பம்ப் எப்போது செயலிழக்கும் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடலாம். பம்ப் நின்றதும், விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூட் இண்டிகேட்டர் உடனே விழாது. மெல்லச் சாயும்; அதை நிமிர்த்தப் போகிறவர் விமானத்தைச் சாய்த்துவிடுவார். மின்சாரத்தில் ஓடி, விமானம் திரும்புவதைக் காட்டும் டர்ன் கோஆர்டினேட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் மட்டுமே தப்பிப்பார். இன்னொரு கணினியிலிருந்து பயிற்றுநர் பழுதைத் தூண்டும் வசதியும் உண்டு.

குறைகள்? ஊசி அளவுக்கு மீறிச் சுத்தம். நிஜத்தில் லோக்கலைசர் ஆன்டெனா எதிரே ஒரு விமானம் ஓடினாலே அலை வளையும். மூடுபனி நாட்களில் அந்தப் பகுதியைக் காலியாக வைப்பதும் விமானங்களை அதிக இடைவெளியில் விடுவதும் அதனால்தான். தரையோடு படிந்த மெல்லிய மூடுபனியில் மேலிருந்து தெரிந்த விளக்குகள், மூக்கைத் தூக்கும் நேரத்தில் மறையுமே, அந்தத் திகைப்பும் இதில் சரியாக வருவதில்லை. விமானம் சாயாதபோதும் சாய்வதாக உள்காது சொல்லும் பொய்யைப் பழக நாற்காலியால் முடியாது. கட்டுப்பாட்டுக் கோபுரக் குரல் சுமார் ரகம்.

செஸ்னாவில் டெல்லியின் கேட் 3 இறக்கத்தை (மிக அடர்ந்த மூடுபனிக்கான வகை) முயல வேண்டாம். அது தானே தரையிறங்கும் ஆட்டோலேண்ட் வசதி உள்ள விமானத்துக்கும் அதற்கென்று தகுதி பெற்ற விமானிக்கும் உரியது.

வழிசெலுத்தல் தரவு பழசாகும்போது வரைபடத்தோடு ஒத்துப்போகாது. தரவைப் புதுப்பித்துத் தரும் நாவிகிராஃப் சந்தா அதற்குத் தனிச்செலவு. இந்திய விமான நிலையங்களுக்கான வரைபடங்களை விமான நிலைய ஆணையமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. மவுஸால் ஓட்ட நினைத்தால் வாங்கவே வேண்டாம், குறைந்தது ஒரு ஜாய்ஸ்டிக் தேவை. இலவச டெமோவை முதலில் ஓட்டி, கணினி தாங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் பறந்த நேரம் லாக்புக்கில் ஏறாது; அதற்குத் தொழில்முறை உரிமமும் சான்று பெற்ற வன்பொருளும் வேண்டும்.