சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டப்போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

85,000 ரூபாய் கொடுத்துக் கட்டிய சாய்தளத்தைப் போன மாதம் கூலி கொடுத்து இடித்தோம். அது நின்றது ஐந்து மாதம்தான். அதற்குள் என் அம்மாவின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்பதற்காகவே அளவுகளோடு எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்த அன்று, அக்கம்பக்கத்தார் நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கித்தான் வீட்டுக்குள் வைத்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது என்று வீட்டைத் தெருவிலிருந்து நல்ல உயரத்தில் தூக்கிக் கட்டியிருந்தார் அப்பா. மூன்று நான்கு படிகள். அவர் பெருமையாகக் கட்டிய படிகளே அவரை வீட்டுக்குள் பூட்டிவிட்டன.

தெரிந்தவர் மூலம் ஓர் ஒப்பந்ததாரர் வந்தார். வாசலில் நின்று கண்ணாலேயே பார்த்தார். “ஒன்பது அடியில் முடித்துவிடலாம், நான்கே நாள் வேலை” என்றார். உயரத்தை அளக்கவில்லை. சக்கர நாற்காலியைக் காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அதில் உட்காரப்போகிறவரைப் பார்க்கக்கூட உள்ளே வரவில்லை. “சரிவு அதிகமாக இருக்காதா அண்ணா?” என்று நான் கேட்டதற்கு, “இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறது” என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாகத் தோன்றியது. 60,000 முன்பணம் கொடுத்தேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் படியோரமும் ஒரு சரிவு இருக்கிறது. ஆனால் அது ஸ்கூட்டர் ஏற்றுவதற்கான சரிவு. ஸ்கூட்டரை எஞ்சின் இழுக்கிறது. சக்கர நாற்காலியை 61 வயதுப் பெண்ணின் கைகள் தள்ளுகின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிற கட்டடக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

பிறகு நானே டேப்பை எடுத்து அளந்தேன். உயரம் 27 அங்குலம். நீளம் ஒன்பது அடி, அதாவது 108 அங்குலம். நான்கு அங்குல நீளத்துக்கு ஓர் அங்குல ஏற்றம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகளில் சாய்தளத்துக்குச் சொல்லியிருப்பது 1-க்கு 12. ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். அதன்படி எங்களுக்கு வேண்டியது 27 அடி; கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் எடை 64 கிலோ, நாற்காலி 18 கிலோ. சரியான சரிவில் அம்மா தாங்க வேண்டியது சுமார் 7 கிலோ. எங்கள் சாய்தளத்தில் அது சுமார் 20 கிலோ. ஏறும்போதும் அவ்வளவு, இறங்கும்போதும் அவ்வளவு.

குறை சரிவில் மட்டும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்று மேலே வழவழப்பான டைல்ஸ் ஒட்டிவிட்டார். எவர்சில்வர் கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். அதுவும் ஏறும்போது வலப்பக்கம். அப்பாவுக்கு இயங்குவது இடது கை. திறந்த ஓரத்தில் சக்கரம் வழுவாமல் தடுக்க நான்கு அங்குலத் திட்டுகூட இல்லை. சரிவு முடிகிற இடத்தில் கேட் உட்பக்கமாகத் திறக்கிறது. நாற்காலி சமதளத்தில் நின்று திரும்ப இடமே கிடையாது.

அன்று லேசான தூறல். பிசியோதெரபிக்குப் போக ஆட்டோ வந்திருந்தது. மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி, அம்மா நாற்காலிக்குக் கீழ்ப்பக்கமாக நின்று, பின்னோக்கி நடந்தபடி இறக்கினார். ஈர டைல்ஸில் கால் வழுக்கியது. நாற்காலி அவர் கையை இடித்துத் தள்ளிவிட்டுப் போய்க் கேட்டில் மோதி நின்றது. இடுப்புப் பட்டை போட்டிருந்ததால் அப்பா கீழே விழவில்லை. ஆனால் அதன் பிறகு இரண்டு மாதம் அவர் வெளியே வர மறுத்துவிட்டார். என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாதது அந்த இரண்டு மாதங்களைத்தான்.

ஒப்பந்ததாரரை அழைத்தேன். மூன்று வாரம் கழித்து வந்து, “தெருப்பக்கம் நான்கு அடி நீட்டிவிடலாம், கூடுதலாக 20,000 ஆகும்” என்றார். வெளியே மழைநீர் வடிகால் ஓடுகிறது. அதன்மேல் கட்டினால் ஆக்கிரமிப்பு. மாநகராட்சி எப்போது வேண்டுமானாலும் இடிக்கலாம். நீட்டினாலும் 13 அடிதான், தேவையில் பாதிகூட இல்லை. மறுத்தேன். அதோடு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இடித்தபோது உள்ளே பார்த்தோம். உடைந்த டைல்ஸ், காலி சிமெண்ட் பைகள், தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்காத வெறும் மண். இரண்டாம் மாதமே நடுவில் விரிசல் விட்டதன் காரணம் அப்போது புரிந்தது.

இரண்டாவதாக வந்த கொத்தனார் முதலில் கேட்டது நாற்காலியைத்தான். அப்பாவை அதில் உட்கார வைத்து, கை முட்டிகளையும் சேர்த்து அகலம் அளந்தார். பிறகு தண்ணீர் நிரப்பிய டியூப்பைப் பிடித்து மட்டம் பார்த்தார். “முன்வாசலில் இடம் இல்லை அம்மா, வீட்டைச் சுற்றிப் பார்ப்போம்” என்றார். கிழக்குப் பக்கம் ஐந்து அடி அகலத்தில் 39 அடி நீளச் சந்து இருக்கிறது; துணி காயப்போட மட்டும் பயன்பட்ட இடம். பதின்மூன்றரை அடி ஏற்றம், நடுவில் மூச்சு வாங்க ஐந்து அடிச் சமதளம், மறுபடியும் பதின்மூன்றரை அடி, மேலே கதவருகே திரும்ப ஐந்து அடிச் சமதளம். மொத்தம் 37 அடி. சமையலறையின் பக்கவாட்டுக் கதவு குறுகலாக இருந்ததால் மூன்று அடியாக அகலப்படுத்தி, நிலைப்படி மேட்டைத் தட்டி எடுத்தார். சந்திலிருந்த கழிவுநீர்த் தொட்டி மூடியை அடைத்துவிடாமல், அந்த இடத்தில் மட்டும் தூக்கி எடுக்கும்படி பலகைக் கல் போட்டார். மேலே டைல்ஸ் இல்லை. காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டார். இரண்டு பக்கமும் கைப்பிடி. செலவு 1,40,000. கடன்தான், ஆனால் அம்மா ஒற்றை ஆளாக அப்பாவைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

நான் செய்த பெரிய தவறு, முதல் ஆளிடம் எதையும் எழுதி வாங்காதது. ஏற்ற உயரம், மொத்த நீளம், அகலம், சமதளம் எத்தனை அடி, மேல்பூச்சு என்ன, உள்ளே என்ன நிரப்புவார், கைப்பிடி எத்தனை பக்கம், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், திடமான ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து, தினமும் தள்ளப்போகிறவரே தள்ளிப் பார்க்கட்டும். மேஸ்திரி தள்ளிக் காட்டினால் அது சோதனை ஆகாது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டுத்தான் புகாரை எழுதினேன். என்னிடம் இருப்பவை வங்கிக் கணக்கிலிருந்து பணம் போன விவரம், டேப்போடு எடுத்த படங்கள், அம்மாவின் எக்ஸ்ரே. இடிக்கும் முன்பு படம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது நல்லதாகப் போயிற்று.

போன வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் அதே ஒப்பந்ததாரரின் ஆட்கள் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பாட்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். உயரம் 24 அங்குலம், கயிறு பிடித்திருந்தது எட்டு அடிக்கு. அவருடைய மருமகளிடம் டேப்பைக் கொடுத்து, அவரையே அளக்கச் சொன்னேன். அளந்து முடித்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுச் சாய்தளத்தைப் பார்க்க என்னோடு கிளம்பி வந்தார்.